இரண்டு நல்ல உபதேசங்கள்

ஐம்பது வயதைத் தாண்டிய மனிதனுக்கு உபதேசம் செய்ய இவ்வுலகில் ஆட்களுக்குப் பஞ்சமே கிடையாது. என் இரத்தத்தில் சர்க்கரை சேர்ந்திருக்கிறது என்று தெரிந்த அன்றைக்கே உற்றார் உறவினர் எல்லோரும் வைத்தியர்களாகி விட்டார்கள். ஆனால் உண்மையான வைத்தியர் செய்த உபதேசங்கள் இரண்டேதான். ஒன்று, "அரிசிச் சோற்றைக் குறைத்துக் கோதுமையைச் சேர்த்துக் கொள்ளுங்கள்" என்பது. மற்றொன்று, "தினந்தோறும் வேகமாக நடவுங்கள்" என்பது. இரண்டும் நல்ல உபதேசங்கள். எத்தனையோ பேருக்கு நன்மை செய்திருப்பவை. அவ்விரண்டையும் ஒருங்கே கடைப்பிடித்ததனால் யமலோகத்தின் வாசற்படி வரையில் போய் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிய கதையைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

மாலை நாலரை மணிக்குக் கோதுமை ரவை உப்புமாவோ, இரண்டு சப்பாத்தியோ சாப்பிடுவேன். ஐந்து மணிக்குத் திருவல்லிக்கேணியிலிருந்து புறப்பட்டுக் கடற்கரைக்குப் போய், கண்ணகி சிலையிலிருந்து காந்தி சிலை வரையில் வேகமாக நடந்து திரும்புவேன். இதுவே என் தேகாப்பியாசம். சில மாதங்கள் ஒரு குறையும் இல்லாமல் நடந்து வந்தது. பிறகு ஒரு நாள், பாதி வழியில் உள்ளங்கைகள் இரண்டிலும் தாங்க முடியாத அரிப்பு உண்டாயிற்று. வீடு வந்து சட்டையைக் கழற்றினால், மார்பிலும் முதுகிலும் ரூபாய் நாணயம் அளவில் சிவந்த தடிப்புகள்! என் அத்தை பார்த்தாள். "இது காணாக்கடியப்பா. கண்ணுக்குத் தெரியாமல் ஏதோ பூச்சி கடித்திருக்கிறது" என்று சொல்லி, வெற்றிலையில் மிளகை வைத்து மென்று தின்னச் சொன்னாள். இரண்டு மணி நேரத்தில் தடிப்புகள் வந்த சுவடு தெரியாமல் மறைந்தன. கீர்த்தியெல்லாம் வெற்றிலைக்குப் போய்ச் சேர்ந்தது.

அடுத்த மாதம் அந்தக் காணாத பூச்சி மறுபடியும் கடித்தது. இம்முறை வீட்டில் தீவிர விசாரணை ஆரம்பமாயிற்று. சோப்பை மாற்றினோம். சலவைக்காரர் போடும் கஞ்சியை நிறுத்தினோம். கத்திரிக்காயை வீட்டை விட்டே துரத்தினோம். கோதுமையின் மேல் மட்டும் ஒருவருக்கும் சந்தேகம் எழவில்லை. எப்படி எழும்? அதே சப்பாத்தியை இரவில் தின்றுவிட்டுப் படுத்தால் சுகமாகத் தூக்கம் வருகிறது. வெறும் வயிற்றோடு நடந்தாலும் ஒன்றும் நேர்வதில்லை. தனித்தனியே பார்த்தால் இரண்டு பேரும் பரம சாதுக்கள்!

மூன்றாவது முறை வந்தபோது வேடிக்கை போய்விட்டது. அன்று காலை முதல் தலைவலி. பிற்பகலில் ஓர் ஆஸ்பிரின் மாத்திரை விழுங்கினேன். மாலையில் வீட்டில் பூரி. நாலு பூரி தின்றுவிட்டு நடக்கப் போனேன். இருபது நிமிஷம் ஆகியிராது. உள்ளங்கை அரித்தது. முகம் நெருப்பாய்க் காய்ந்தது. தொண்டையை யாரோ உள்ளிருந்து இறுக்குவது போல் இருந்தது. வயிற்றைப் பிசைந்தது. கடலும் வானமும் சேர்ந்து இருண்டன. மணலில் விழுந்தேன். நல்ல மனிதர்கள் நாலு பேர் ஓடி வந்து என்னைத் தூக்கி நிறுத்தினார்கள், சோடா கொடுத்தார்கள். அவர்கள் நிறுத்தும்போதெல்லாம் எனக்குப் பிரக்ஞை தவறிற்று. இரத்த அழுத்தம் வீழ்ந்த மனிதனை நிமிர்த்தி நிறுத்துவது ஆபத்து என்பதும், காலைச் சற்று உயர்த்திப் படுக்க வைத்திருக்க வேண்டும் என்பதும் அவர்களுக்கு எப்படித் தெரியும்? எனக்கே பின்னால்தான் தெரிந்தது.

ஆஸ்பத்திரியில் என் மகளை விடவும் வயதில் சிறிய ஒரு டாக்டர் அம்மாள், ஒரு கணமும் யோசியாமல், என் தொடையின் வெளிப்புறத்தில் அட்ரினலின் ஊசியைக் குத்தினாள். சில நிமிஷங்களில் தொண்டை திறந்தது. மூச்சு என்பது எவ்வளவு பெரிய ஐசுவரியம் என்பதை அன்றுதான் அறிந்தேன்.

பிறகு அந்த அம்மாள், துப்பறியும் நிபுணரைப் போல் கேள்விகள் கேட்டாள். "என்ன சாப்பிட்டீர்கள்? எத்தனை மணிக்கு? எத்தனை மணிக்கு நடந்தீர்கள்? மாத்திரை ஏதாவது உண்டா?" நான் சொல்லச் சொல்ல அவள் முகம் தெளிந்தது. பின்னர் செய்த இரத்தப் பரிசோதனையும் அவள் ஊகத்தை உறுதிப்படுத்தியது.

விஷயம் இதுதான். கோதுமையில் உள்ள ஒரு வகைப் புரதத்தை என் தேகம் சத்துருவாகக் கருதுகிறது. சும்மா இருக்கும்போது அந்தச் சத்துருவைக் கண்டும் காணாதது போல் இருந்துவிடுகிறது. உழைக்கும்போது அப்புரதம் குடலிலிருந்து அதிகமாக இரத்தத்தில் கலக்கிறது என்றும், ஆஸ்பிரின் அதற்குத் துணை போகிறது என்றும் வைத்திய நூலார் கருதுகிறார்கள். உடனே தேகத்தின் காவற்படை கலவரமடைந்து, ஹிஸ்டமின் முதலிய வஸ்துக்களை வாரி இறைக்கிறது. சத்துருவுக்கு வைத்த தீயில் வீடே பற்றி எரிகிறது. இந்தத் தேகக் கலவரத்துக்கு 1902-ஆம் ஆண்டில் 'அனபிலாக்ஸிஸ்' என்று பெயரிட்டவர்கள் பிரெஞ்சு விஞ்ஞானிகளான போர்ட்டியரும் ரிஷேயும். இந்த ஆராய்ச்சிக்காக ரிஷேக்கு 1913-இல் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் உணவும் ஓட்டமும் கூட்டுச் சேர்ந்தால் மட்டும் இது வரக்கூடும் என்பதை, சிப்பி இன உணவுக்குப் பின் ஓடி அவதிப்பட்ட ஒருவரைக் கொண்டு அமெரிக்க வைத்தியர்கள் 1979-இல்தான் எழுதி வைத்தார்கள்.

"கோதுமை சாப்பிட்டால் ஆறு மணி நேரம் உழைப்புக் கூடாது. நடக்கும் நாளில் ஆஸ்பிரின் கூடாது. தனியாக நடக்கவே கூடாது. ஊசி எப்போதும் கையில் இருக்க வேண்டும்" என்றாள் டாக்டர் அம்மாள். நான் இதை இன்னும் சுருக்கி, நடப்பதையே விட்டுவிட்டேன்! மாடிப்படி ஏறினாலும் உள்ளங்கையைப் பார்த்துக் கொள்வேன். பஸ் புறப்பட்டுவிட்டால் ஓடாமல், அதற்கு ஆசீர்வாதம் செய்து அனுப்பிவிடுவேன். மூன்று மாதத்தில் சர்க்கரை ஏறியது, மனம் இறங்கியது. கல்யாண வீடுகளில், "ஒரு போளி தின்றால் என்ன ஆகிவிடும்?" என்று உபசரிப்பார்கள். "ஒன்றும் ஆகாது. ஆனால் இரவு வரையில் என்னை இந்த நாற்காலியிலேயே வைத்துக் காப்பாற்ற வேண்டும்" என்பேன். அவர்கள் சிரிப்பார்கள். எனக்குச் சிரிப்பு வராது.

ஒரு நாள் மத்தியான்னம் சமையலறையில் எட்டிப் பார்த்தேன். கோழி ரத்தத்தைக் கண்டாலும் மயக்கம் போடுகிற என் மனைவி, ஒரு சாத்துக்குடிப் பழத்தை எதிரே வைத்துக்கொண்டு, ஊசிக் குழலில் தண்ணீரை ஏற்றிக் குத்திக் கொண்டிருந்தாள். கை நடுங்கிற்று. மறுபடியும் குத்தினாள். பக்கத்துத் தட்டில் குத்துப்பட்ட பழங்கள் ஐந்தாறு கிடந்தன. டாக்டர் அம்மாளிடம் தானே போய்க் கற்று வந்தாளாம்.

"என்ன இது?" என்றேன்.

"நாளை முதல் நானும் நடக்க வருகிறேன். நீங்கள் பயந்துகொண்டு வீட்டில் உட்கார்ந்திருப்பதை என்னால் பார்க்க முடியவில்லை" என்றாள்.

இருபத்தாறு வருஷ இல்வாழ்க்கையில் அவள் என்னுடன் நடக்க வந்தது அதுவே முதல் தடவை.

இப்போது காலையில் இட்லி மட்டும் சாப்பிட்டுவிட்டு இருவரும் நடக்கிறோம். சப்பாத்தி இரவுக்குப் போய்விட்டது. பெருங்காயத்தில்கூடக் கோதுமை மாவு கலப்பதுண்டு என்பதைக் கண்டுபிடித்தவளும் அவள்தான். கடையில் டப்பாவைத் திருப்பித் திருப்பிப் படிக்காமல் ஒன்றும் வாங்க மாட்டாள். அவளுடைய சிறு பையில் ஊசியும் மருந்தும் இருக்கின்றன. ஊசி போட்ட கையோடு 108-க்குத் தொலைபேசியில் சொல்ல வேண்டும் என்பதும் அவளுக்கு மனப்பாடம். இன்றுவரை அந்தப் பையைத் திறக்க நேரவில்லை.

காந்தி சிலையண்டை வந்ததும் அவள் நின்று, "எங்கே, காட்டுங்கள்" என்பாள். பள்ளிக்கூடத்துப் பையனைப் போல் இரண்டு உள்ளங்கைகளையும் நீட்டுவேன். அவள் உற்றுப் பார்த்துவிட்டு, "சரி, நடக்கலாம்" என்பாள். கடற்கரையில் இந்தக் காட்சியைக் காணும் நேயர்கள், யாரோ கைரேகை பார்த்து ஆயுசு சொல்லுகிறாள் என்று நினைத்தால் அதில் தவறொன்றும் இல்லை.