ரயில் வராத நிலையம்

எடின்பரோவின் வடகோடியில், ஃபோர்த் கழிமுகத்தை ஒட்டிய துறைமுகப் பகுதி லீத். பிரான்சிலிருந்து திரும்பிய ஸ்காட்லாந்து அரசி மேரி 1561இல் கரையிறங்கியது இங்கேதான். சிற்பி எடுவார்டோ பவுலோட்சியும், ‘தி புரொக்ளெய்மர்ஸ்’ இசைக்குழுவின் இரட்டையர் கிரெய்க், சார்லி ரீடும் இங்கே பிறந்தவர்கள். ஆனால் உலகெங்கும் லீத்தின் பெயரைக் கொண்டுபோனது பாழடைந்த ஒரு ரயில் நிலையம்.

லீத் சென்ட்ரல் நிலையத்தை 1903இல் நார்த் பிரிட்டிஷ் ரயில்வே திறந்தது. போட்டியாளரான கலிடோனியன் ரயில்வே முந்திக்கொள்ளுமோ என்ற பதற்றத்தில் எழுந்த கட்டடம் அது. நான்கு நடைமேடைகள், அவற்றைக் கவிந்து நின்ற பிரம்மாண்டமான கூரை, தெருமுனையில் மணிக்கூண்டு. ஆனால், எடின்பரோவின் வேவர்லி நிலையம் சில கிலோமீட்டர் தூரம்தான். அதற்கு ரயில் எதற்கு? வாசலிலேயே ஓடிய டிராம் பயணிகளை அள்ளிக்கொண்டது. 1952இல் பயணிகள் சேவை நின்றது. டீசல் வண்டிகளைப் பராமரிக்கும் கூடமாக 1972 வரை காலம் தள்ளிய நிலையம், பிறகு கேட்பாரற்றுக் கிடந்தது.

1980களில் எடின்பரோவை ஹெராயினும் எச்.ஐ.வி.யும் சூறையாடின. துறைமுக வேலைகள் குறைந்திருந்த லீத்துக்கு அடி பலமாக விழுந்தது. லீத்தில் பிறந்த இர்வின் வெல்ஷ், அந்தத் தலைமுறையின் கதையை 1993இல் ‘டிரெயின்ஸ்பாட்டிங்’ நாவலாக்கினார். ரயில்களைப் பார்த்து எண்களைக் குறித்துவைப்பது பிரிட்டனில் ஒரு பொழுதுபோக்கு. நாவலில் ஒரு குடிகாரக் கிழவர், ரயிலே வராத இந்த நிலையத்தில் நிற்கும் இளைஞர்களிடம் அதைச் சொல்லிக் கேலி செய்கிறார். தலைப்பின் கசப்பு முழுவதும் அந்தக் காட்சியில் இருக்கிறது.

நாவல் வெளிவருவதற்கு முன்பே, 1989இல், நிலையக் கூடத்தை இடித்துவிட்டார்கள். அந்த நாவலைத் தழுவி டேனி பாயில் இயக்கிய 1996ஆம் ஆண்டுப் படத்தின் பெரும்பகுதியும் கிளாஸ்கோவில்தான் எடுக்கப்பட்டது. படத்தை நம்பி லீத்துக்கு வருகிறவர் கண்ணில் படுவது மணிக்கூண்டு, முகப்புக் கட்டடம், அதன் கீழே சென்ட்ரல் பார் மட்டுமே.

1956இல் எடின்பரோவிலிருந்து மறைந்த டிராம், 2014இல் நகருக்கும் 2023இல் லீத்துக்கும் திரும்பியது. அன்று நிலையத்தின் பிழைப்பைக் கெடுத்த வண்டிதான் இன்று அதன் மிச்சத்தைப் பார்க்க வருகிறவர்களை அருகே இறக்கிவிடுகிறது.