ஆரணியில் ஓடம் ஓடுது!

ஆரணியில் கடல் கிடையாது. கமண்டல நாகநதி என்று ஒரு நதி உண்டு. பெயரில் கமண்டலம் இருந்தாலும், மழைக்காலம் போனால் ஒரு கமண்டலம் தண்ணீர் தேறுவது கஷ்டம். ஆனாலும் எங்கள் ஊரில் தெருவுக்குத் தெரு ஓடம் உண்டு!

நம்பாதவர்கள் அகராதியைப் புரட்டலாம். ‘ஓடம்’ என்றால் தோணி என்று போட்டிருக்கும். கூடவே இன்னொரு அர்த்தமும் இருக்கும்... நெசவு நாடா. தறியில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடுகிறதே, அதுதான். பேர் வைத்தவர் ரசிகர். இரண்டு பக்கமும் கூர் மூக்கு, நடுவில் குடைந்த வயிறு, வயிற்றுக்குள் பிரயாணி மாதிரி படுத்திருக்கும் தார்க்குச்சி. அச்சு அசல் படகு. ஆயிரக்கணக்கான பட்டு இழைகளுக்கு நடுவே நாள் பூரா இக்கரைக்கும் அக்கரைக்கும் போய் வந்தால், சில வாரங்களில் ஒரு புடவை கரையேறும்.

கடற்கரை ஊர்க்காரர்கள் சிலர் பழைய தோணி ஒன்றை வாங்கிப் போட்டு, லீவு நாளில் ஓட்டை அடைத்து, வர்ணம் பூசி, மறுபடி தண்ணீரில் விடுவார்கள். ஆரணிக்காரனான எனக்கு வாய்த்தது ஒரு பழைய குழித்தறி. எங்கள் நைனாவுடையது.

நான் வேலூரில் ஒரு ஆபீஸில் குமாஸ்தா. தினம் போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம் பஸ். மிச்சம் இருப்பது ஞாயிற்றுக்கிழமை மட்டும். ‘தறியை ரிப்பேர் பண்ணப் போறேன்’ என்று ஆபீஸில் சொன்னபோது பக்கத்து சீட்டுக்காரர் ஆர்வமாகக் கேட்டார்.

“மாசம் எவ்ளோ வரும்?”

“வராது சார், போகும்!”

அத்துடன் அவருக்கு ஆர்வம் போய்விட்டது.

நைனா முப்பத்தெட்டு வருஷம் அந்தத் தறியில் நெய்தவர். முழங்கால் மிதியை மிதிக்க மறுத்துவிட்டதால் 2016-ல் நிறுத்தினார். சட்டத்தைப் பிரித்துக் கொல்லைப்புறம் சாய்த்தார். ஜக்கார்டு பெட்டியைப் பரணில் ஏற்றினார். குழியை மண் போட்டு மூடினார். அம்மா அதன் மேல் அரிசி டிரம்மைக் கொண்டுவந்து வைத்துவிட்டார். ஆரணிக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது இரண்டு... பட்டு, அரிசி. எங்கள் வீட்டில் பட்டு எழுந்து போன இடத்தில் அரிசி உட்கார்ந்துகொண்டது.

பழைய மரம் வாங்குகிற வியாபாரி ஒருவர் வந்தார். சட்டத்தைத் தட்டிப் பார்த்தார். “தேக்கு இல்ல... கரையான் வேற. விறகு ரேட்டுதான்” என்றார். நைனா சரி என்று தலையாட்டப் போன நேரத்தில் நான் குறுக்கே விழுந்தேன். “விக்கறதில்ல. நான் பூட்டப் போறேன்.”

வியாபாரி போனதும் நைனா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே...

“இன்னாடா சொன்ன? நீ நாற்காலில உக்காரணும்னுதான் நான் குழில உக்காந்தேன். இப்ப சம்பளம் வாங்கிகினு வந்து குழில உக்காரப் போறியா? உனக்கு அது வெளையாட்டு. எனக்கு முப்பத்தெட்டு வருஷம்.”

பதில் சொல்ல முடியவில்லை. அடுத்த ஞாயிறு அரிசி டிரம்மை நகர்த்தினேன். நைனா திண்ணைக்குப் போய்விட்டார்.

முதலில் குழி. தறியைத் தரைக்குள் இறக்கி வைத்ததற்குக் காரணம் உண்டு. நெசவாளி குழிக்குள் கால் தொங்கப்போட்டு உட்கார்ந்தால், பாவு அவர் இடுப்பு உயரத்தில், தரையை ஒட்டியே வந்துவிடும். மண் ஈரப்பதம் காத்துக்கொடுக்கும். இழை வறண்டு அறுந்து போகாது. ஏ.ஸி. இல்லாத காலத்து ஏ.ஸி.! ஆனால் மழைக்காலத்தில் குழியில் ஊற்றெடுத்துத் தண்ணீர் நிற்கும்போது நெசவும் நிற்கும், கூலியும் நிற்கும்.

மண்ணை அள்ள அள்ளப் புதையல். இரண்டு தார்க்குச்சி, ஒரு பம்பரம், ஓர் எட்டணா. கடைசியாக, தொலைத்துவிட்டாள் என்று என் அக்கா அந்தக் காலத்தில் அடி வாங்கிய தங்கத் திருகாணி! இருபது வருஷத்துக் கேஸ். போனில் சொன்னதும் அக்கா கேட்ட முதல் கேள்வி: “அடிச்ச அடியைத் திருப்பித் தருவாங்களா?”

அடுத்தது சட்டம். இரண்டு கால்களைக் கரையான் சாப்பிட்டு முடித்திருந்தது. பழைய வீடு இடிக்கிற இடத்தில் நல்ல காய்ந்த மரமாக வாங்கி வந்தேன். தச்சர் கிடைத்தார். மாடுலர் கிச்சன் போடுவதில் கெட்டிக்காரர். தறியைத் தொட்டதே இல்லை. “அலமாரி மாதிரிதானே சார்?” என்று நிறுத்திவிட்டுப் போனார்.

சாயங்காலம் திண்ணையிலிருந்து குரல் வந்தது. “மூலைக்கு மூலை நூல் புடிச்சுப் பார்த்தியா?”

பிடித்துப் பார்த்தேன். ஒரு மூலைவிட்டத்துக்கும் இன்னொன்றுக்கும் இரண்டு விரற்கடை வித்தியாசம்.

“கால் கோணினா பாவு ஒரு பக்கம் இறுகும், ஒரு பக்கம் தொங்கும். கோணத் தறில கோணப் பொடவைதான் வரும். மாத்தச் சொல்லு” என்றார். அவ்வளவுதான். மறுபடியும் பேப்பர் படிக்கப் போய்விட்டார். ஆனால் பேப்பர் தலைகீழாக இருந்ததை அம்மா பார்த்துவிட்டார்.

பரணிலிருந்து ஜக்கார்டு பெட்டியை இறக்க மூன்று பேர் வேண்டியிருந்தது. புடவையில் மயிலும் யாளியும் தானாக வருவதில்லை. ஓட்டை போட்ட அட்டைகள் வரிசையாகக் கோர்த்திருக்கும். மிதியை மிதிக்கும்போதெல்லாம் ஓர் அட்டை வந்து ஊசிகளின் முன் நிற்கும். ஓட்டை உள்ள இடத்தில் ஊசி உள்ளே போகும். அதற்கான கொக்கி இழையைத் தூக்கும். ஓட்டை இல்லாத இடத்தில் தூக்காது. உண்டு அல்லது இல்லை. இரண்டே பதில்.

எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதா? பிரான்ஸில், லியோன் நகரத்தில், ஜோசப் மரி ஜக்கார்டு 1804-ல் செய்த ஏற்பாடு இது. இந்த அட்டை யோசனையைத்தான் இங்கிலாந்தில் சார்லஸ் பாபேஜ் தன் கணக்கு இயந்திரத்துக்கு எடுத்துக்கொண்டார். அமெரிக்காவின் 1890 ஜனத்தொகைக் கணக்கையும் ஹெர்மன் ஹாலரித் ஓட்டை போட்ட அட்டைகளை வைத்துத்தான் எண்ணி முடித்தார். ஆக, நீங்களும் நானும் ஆபீஸில் திட்டிக்கொண்டே தட்டுகிறோமே கம்ப்யூட்டர், அதன் கொள்ளுத் தாத்தா எங்கள் வீட்டுப் பரணில் ஒட்டடைக்குள் இருந்திருக்கிறார்.

தாத்தாவின் நிலைமை சுகமில்லை. கொக்கிகளில் துரு. நூல்கள் தொட்டால் பொடி. அட்டைகளை எலி பார்த்திருந்தது. மயிலில் கழுத்திலிருந்து வால் வரை காலி! ஜக்கார்டு மெக்கானிக் வந்து ஒவ்வொரு கொக்கியாகத் துடைத்து, நூல் மாற்றினார். மூன்று ஞாயிறு. புது அட்டைக்கு டிசைனைக் கம்ப்யூட்டரில் வரைந்து குத்திக் கொடுத்தார்கள். பேரன் வந்து தாத்தாவுக்குக் கண் ஆபரேஷன் பண்ணி வைத்த மாதிரி.

ஓடத்தை மட்டும் நானே எடுத்துக்கொண்டேன். உப்புத்தாளில் தேய்த்து, எண்ணெய் தடவி, மறுபடி தேய்த்து... பஸ்ஸில்கூடப் பையில் வைத்துக்கொண்டு தேய்த்தேன். (கண்டக்டர் ஒரு மாதிரி பார்த்தார்.) அதில் ஒரு சிலாம்பு நின்றாலும் போகிற வழியெல்லாம் பட்டு இழையை அறுத்துக்கொண்டே போகும். கன்னத்தில் வைத்துத் தேய்த்தால் உறுத்தக்கூடாது, அதுதான் டெஸ்ட்.

கடைசியில் பாக்கி இருந்தது ஒரு மூட்டை. நைனாவின் பழைய வேட்டியில் சுற்றி, பீரோவுக்கு மேல் இருந்தது. அச்சும் விழுதும் அதற்குள்.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். பாவில் இருக்கிற ஒவ்வொரு இழையும் விழுதின் ஒரு கண்ணுக்குள் நுழைந்து, பிறகு சீப்பு மாதிரி இருக்கும் அச்சின் பல்லுக்குள் நுழைந்து வரவேண்டும். ஆயிரக்கணக்கான இழைக்கும் இப்படிக் கோர்ப்பது பெரிய வேலை. அதனால் ஒரு பாவு நெய்து முடிந்ததும் முழுசாக உருவிவிட மாட்டார்கள். ஒரு சாண் நூலை அச்சிலும் விழுதிலும் அப்படியே விட்டு அறுப்பார்கள். அடுத்த பாவு வந்ததும், பழைய இழையின் நுனியோடு புது இழையின் நுனியைச் சேர்த்து, சாம்பல் தொட்ட விரலால் முறுக்கி இணைப்பார்கள். பழசு புதுசை இழுத்துக்கொண்டு போகும். அடுத்த பாவு வரும் என்கிற நம்பிக்கை இருப்பவர்தான் நுனியை விட்டு வைப்பார். தறியை மூடுகிறவருக்கு அது தேவையில்லை.

பாவு பிணைக்கிற அம்மா வேட்டியைப் பிரித்தார். பாச்சை உருண்டை வாசனை. உள்ளே அரக்குச் சிவப்பில் ஒரு சாண் பட்டு இழைகள், ஒன்றுகூடக் கலையாமல், கொத்துக் கொத்தாக முடிச்சுப் போட்டு...

“யார் கட்டி வச்சது இது?” என்றார் அவர். “நாளைக்கே பாவு வருதுன்ற மாதிரி கட்டி வச்சிக்கீறாரு.”

நான் திண்ணையைப் பார்த்தேன். நைனா தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். ‘என்னோடு போகட்டும்’ என்று வருஷக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்த மனுஷன். ஆனால் 2016-ல் அந்தக் கைக்கு வேறு அபிப்பிராயம் இருந்திருக்கிறது. அவரிடம் நான் எதுவும் கேட்கவில்லை. கேட்டால், ‘பழக்க தோசம்’ என்று சொல்லியிருப்பார்.

“சரி, பாவு எங்க?” என்றார் அந்த அம்மா.

நான் சொந்தமாகப் பட்டும் ஜரிகையும் வாங்கி, ஞாயிறுதோறும் நெய்வதாகத் திட்டம். சொன்னேன். முதல் தடவையாக நைனா எழுந்து உள்ளே வந்தார்.

“ஞாயித்துக்கெளம ஞாயித்துக்கெளம நெய்வியா? நீ ரிட்டயராவற அன்னிக்குப் பொடவை முடியும். அதை உம் பேத்தி கட்டிக்கினு போவா. தறி தெனம் ஓடணும்டா. ஓடாத தறி கட்டில் மாதிரி. மறுபடி கரையானுக்குத்தான்.”

சொல்லிவிட்டு, நாலு வீடு தள்ளி இருக்கும் அக்காவைக் கூப்பிட்டு அனுப்பினார். அவர் வீட்டில் தறி போட இடமில்லை. இன்னொருவர் கொட்டகையில், இன்னொருவர் தறியில் நெய்துகொண்டிருந்தவர். முதலாளி பாவும் ஜரிகையும் கொடுப்பார். நெய்து கொடுத்தால் கூலி. கொட்டகைக்காரர் தறியை எடுக்கப் போவதாகச் சொல்லி இரண்டு மாசம் ஆகியிருந்தது என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். நைனாவுக்கு முன்பே தெரிந்திருக்கிறது!

“உம் பாவை இங்க கொண்டாம்மா. எழக் கணக்கு ஒத்துப்போவும். வாடகையெல்லாம் வாணாம். தறிய சுத்தமா வச்சிக்க, போதும்.”

ஆபீஸ்காரனுக்குக் கணக்குப் போடாமல் தூக்கம் வராது. மரம், மெக்கானிக், அட்டை, தச்சர் இரண்டு தடவை என்று கூட்டினேன். எந்தத் தணிக்கை அதிகாரியும் பாஸ் பண்ணமாட்டார். ஆனால் இன்னொரு கணக்கு இருக்கிறது. அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பில் 2009-10-ல் நெசவாளர்களும் துணைத் தொழிலாளர்களும் சேர்ந்து 43.31 லட்சம் பேர். 2019-20-ல் 35.22 லட்சம். பத்து வருஷத்தில் எட்டு லட்சத்துக்கு மேல் குறைந்துவிட்டார்கள். சில ரகங்களைக் கைத்தறிக்கு மட்டும் ஒதுக்கி 1985-லேயே சட்டம் போட்டாயிற்று. சட்டம் ரகத்தைக் காப்பாற்றலாம். பாவு பிணைக்கிற விரலை யார் காப்பாற்றுவது? எங்கள் தறியைப் பூட்ட மெக்கானிக், அட்டை குத்துபவர், விழுது கட்டுபவர், பாவு பிணைப்பவர் என்று நாலைந்து பேர் வந்தார்கள். அதில் ஒருவர்கூட ஐம்பது வயதுக்குக் கீழே இல்லை. மரத்தை மாற்றிவிடலாம், சார். இவர்களுக்கு ஸ்பேர் பார்ட் கிடைக்காது. ஒரு தறி தினம் ஓடினால்தான் இவர்கள் அத்தனை பேருக்கும் அவ்வப்போதாவது வேலை.

அம்மாவும் இன்னொரு பெண்ணும் ஒத்தாசைக்கு உட்கார, பிணைப்பு முடிய ஒன்றரை நாள் ஆயிற்று. அரக்குச் சிவப்பு நுனியைப் பிடித்துக்கொண்டு மயில் கழுத்துப் பச்சைப் பாவு மெல்ல அச்சுக்குள் நுழைந்து வந்தது. அக்கா குழியில் இறங்கி முதல் மிதி மிதித்தார். ஜக்கார்டு ‘கடக்’ என்றது. நைனா கட்டிலில் உட்கார்ந்து, மேலே பூட்டிய கொக்கிகளையே பார்த்துக்கொண்டிருந்தார். நாலு அடி விழுந்ததும், “எடது பக்கம் எடை பத்தல. ஒரு கல்லு கட்டு” என்றார். கட்டியதும் சரியாகிவிட்டது.

இப்போது காலை ஆறு மணிக்கு எனக்கு அலாரம் வேண்டாம். தறிச் சத்தமே எழுப்பிவிடுகிறது. நைனா நாலு தெரு தள்ளிப் போய் டீ குடித்த காலம் போய், அக்காவுக்கும் சேர்த்து வீட்டிலேயே டீ. ஜரிகை அறுந்தால் யோசனை சொல்ல ஆள் ரெடி. முழங்கால் வலியைப் பற்றிய பேச்சு பாதியாகக் குறைந்திருக்கிறது என்பது அம்மாவின் புள்ளிவிவரம்.

எனக்கு? ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒரு மணி நேரம் குழியில் உட்கார்ந்து ஓடம் விட அனுமதி உண்டு. உடல் பாகம் மட்டும். பார்டர் பக்கம் கை போகக் கூடாது. நைனா பக்கத்தில் இருந்தாக வேண்டும்.

அதுவும், முகூர்த்த சீஸனில் கேன்சல்!