செல்போர்ன்: குன்றும் ஓடையும் குழித்தெருவும்

செல்போர்ன் ஒரே தெருவாக நீண்டு கிடக்கும் கிராமம். தென் இங்கிலாந்தின் ஹாம்ப்ஷயரில், ஆல்டன் நகரத்துக்குத் தெற்கே சுமார் 6 கிலோமீட்டரில் இருக்கிறது. தெருவின் தென்மேற்கே சுண்ணப்பாறைக் குன்று ஒன்று ஏறத்தாழ 300 அடிக்குச் சட்டென்று எழும்பி நிற்கிறது. அதன் சரிவு முழுக்கப் பீச் மரக் காடு. செங்குத்துச் சரிவைப் பற்றிக்கொண்டு நிற்கும் இத்தகைய காட்டை அந்த வட்டாரத்தில் ‘ஹேங்கர்’ என்பார்கள். கிழக்கே நிலம் தாழ்ந்து, ஓடையும் புல்வெளியுமாகிறது. மலையேறிப் பழக்கமில்லாதவர்களும் ஒரு பகலுக்குள் நடந்துவிடக்கூடிய பாதைகள் இரு பக்கமும் உண்டு.

இந்தப் பாதைகளுக்குப் பேர் வாங்கித் தந்தவர் கில்பர்ட் வைட். 1720இல் இங்கே பிறந்து 1793இல் இங்கேயே இறந்தவர். உதவிக் குருவானவராக ஊழியம் செய்தவர். தம் ஊரின் பறவை, பூச்சி, செடி, வானிலை பற்றி நண்பர்களுக்கு எழுதிய கடிதங்களை நூலாக்கி 1789இல் வெளியிட்டார். அது இன்றுவரை அச்சில் இருக்கிறது. உலகம் சுற்றிய இயற்கையாளர்கள் பலர் அந்த நூற்றாண்டில் இருந்தார்கள். வைட் நடந்ததோ பெரும்பாலும் இந்தக் குன்றையும் ஓடையையும் சுற்றித்தான். செல்போர்னில் எத்தனை மைல் நடந்தோம் என்று கணக்குப் பார்ப்பது வீண் வேலை. சிறிய வட்டத்தை மெதுவாகச் சுற்றுகிறவருக்குத்தான் இந்த ஊர் பிடிபடும்.

முதல் நடை குன்றின் மேலே. வைட்டும் அவருடைய தம்பி ஜானும் 1753இல் சரிவைக் குடைந்து அமைத்த ஜிக்ஜாக் பாதை, வாகன நிறுத்தத்துக்குச் சற்றுத் தள்ளித் தொடங்குகிறது. இடமும் வலமுமாக மடிந்து மடிந்து ஏறுவதால், நேராக ஏறினால் மூச்சு முட்டும் சரிவு சிறு சிறு துண்டுகளாகப் பிரிந்துவிடுகிறது. ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று பார்த்தால் ஊரின் கூரைகள் இன்னும் கொஞ்சம் கீழே இறங்கியிருக்கும். ஏறுவது சிரமம் என்பவர்களுக்கு 1780இல் வெட்டிய போஸ்டல் பாதை இருக்கிறது. அது சரிவின் குறுக்கே சாய்வாகப் போகும். உச்சியில் செல்போர்ன் பொதுநிலம் விரிகிறது. ஒரு காலத்தில் ஊர்க்காரர்களின் மேய்ச்சல் காடு, இன்று நேஷனல் டிரஸ்ட் அமைப்பின் பராமரிப்பில் உள்ளது. சரிவில் சுண்ணம், உச்சியிலோ சிக்கிமுக்கிக் கற்கள் கலந்த களிமண். மழைநீர் சரிவில் உடனே வடிந்துவிடும், மேலே தேங்கும். உச்சியை எட்டியதும் காலடியில் சேறு தட்டுப்படுவது அதனால்தான்.

ஏப்ரல், மே மாதங்களில் பீச் இலைகள் முற்றும் முன்னர் இந்தக் காட்டுக்குள் வெளிச்சம் தாராளமாக விழும். நிழல் அடர்ந்த பிறகு தரையில் அதிகம் எதுவும் முளைக்காது. பறவைகளைக் கேட்கவும் இளவேனிலே ஏற்றது. பார்வைக்கு ஒன்றுபோலத் தோன்றும் சின்னஞ்சிறு கதிர்க்குருவிகள் உண்மையில் மூன்று தனி இனங்கள் என்று வைட் பிரித்தறிந்தார். அதற்கு அவருக்குக் கைகொடுத்தது முதன்மையாக அவற்றின் பாட்டு. அவற்றில் சிஃப்சாஃப் என்ற குருவியைத் தொலைநோக்கி இல்லாதவரும் அடையாளம் காணலாம். தன் பெயரையே இரண்டு சுரங்களில் ஓயாமல் சொல்லிக்கொண்டிருக்கும்.

இரண்டாவது நடை இதைவிட எளிது, பலருக்கு இதுவே அதிகம் பிடிக்கவும் கூடும். தூய மரியாள் தேவாலயத்தின் முற்றத்தில் அது தொடங்குகிறது. அங்கே ஒரு பழைய யூ மரத்தின் அடிப்பாகம் மட்டும் நிற்கிறது. வைட் அளந்தபோது அதன் சுற்றளவு 23 அடி. 1990 ஜனவரிப் புயலில் அது வேரோடு சாய்ந்தது. மறுபடி நட்டுப் பார்த்தார்கள், பிழைக்கவில்லை. தேவாலயத்தின் வடபுறம் வைட்டின் கல்லறை இருக்கிறது. பெயரின் முதலெழுத்துகளும் இறந்த தேதியும் மட்டும் பொறித்த சிறு கல், தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

முற்றத்தைத் தாண்டினால் புல்வெளி, பிறகு ஓடை, அதற்கப்பால் ஷார்ட் லித், லாங் லித் என்ற மரச்சரிவுகள். பாதை ஓடையை ஒட்டியே செல்லும், பெரிய ஏற்றம் இல்லை. தொடர்ந்து நடந்தால் பிரையரி பண்ணை வரும். வின்செஸ்டர் ஆயர் பீட்டர் டி ரோஷ் 1233இல் நிறுவிய துறவியர் மடம் அங்கேதான் இருந்தது. 15ஆம் நூற்றாண்டின் இறுதியில் மடம் கலைக்கப்பட்டு, அதன் சொத்து ஆக்ஸ்ஃபோர்டின் மாக்டலன் கல்லூரிக்குப் போனது. செல்போர்ன் குருவானவரை நியமிக்கும் உரிமையும் அந்தக் கல்லூரியின் கையில் இருந்தது. வைட்டோ ஓரியல் கல்லூரிக்காரர். சொந்த ஊரில் அவர் கடைசிவரை உதவிக் குருவானவராகவே இருந்ததற்கு இதுதான் காரணம். மடத்தின் சுவர்கள் இப்போது கண்ணுக்குத் தெரிவதில்லை. நடைக்கு முடிவெல்லையாக ஒரு பண்ணைதான் மிஞ்சியிருக்கிறது.

ஓடைக்கும் ஒரு கதை உண்டு. ஊரின் ஒரு முனையில் வெல்ஹெட் என்ற ஊற்று பொங்குகிறது, கோடையிலும் வற்றுவது அரிது. அருகிலுள்ள நோர் குன்றின் நீர் இரண்டாகப் பிரிகிறது. தெற்கே போவது அருண் ஆற்றில் கலந்து ஆங்கிலக் கால்வாயைச் சேர்கிறது. செல்போர்ன் வழியே வடக்கே போவது வே ஆற்றோடு தேம்ஸுக்குப் போய்ச் சேர்கிறது.

இனி குழித்தெருக்கள். குன்றுக்கும் தாழ்நிலத்துக்கும் இடையே, ஊர் அமர்ந்திருக்கும் திட்டு, வெளிர்நிற மணற்கல்லால் ஆனது. ஊரின் பழைய வீடுகள் பலவும் அந்தக் கல்லில் கட்டியவை. வெட்ட எளிது, தேய்வதும் எளிது. பல நூற்றாண்டுகளாக வண்டிச் சக்கரமும் மழைநீரும் அறுத்து அறுத்து, சில பாதைகள் வயல்மட்டத்துக்கு 16, 18 அடி கீழே இறங்கிவிட்டன என்று வைட் எழுதியிருக்கிறார். இருபுறமும் பாறைச்சுவர், அதில் மரவேர்கள், பெரணிகள், மேலே கிளைகளின் கூரை. உச்சிவெயிலிலும் உள்ளே குளிர்ச்சி. வழிகாட்டிப் புத்தகங்கள் ஜிக்ஜாக்கையே முன்வைத்தாலும், இந்த ஊரின் தனித்தன்மை இந்தக் குழித்தெருக்களில்தான் இருக்கிறது.

இவற்றில் பல பாதைகள் தனியார் நிலத்தின் ஊடாகப் போகின்றன. நடப்பதற்குச் சட்டப்படி உரிமை இருப்பதால் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. 1949ஆம் ஆண்டின் சட்டம், உரிமையுள்ள பாதைகளை அதிகாரப்பூர்வ வரைபடத்தில் குறிக்கும் பொறுப்பை உள்ளூர் ஆட்சிமன்றங்களிடம் ஒப்படைத்தது. மஞ்சள் அம்பு நடப்பவர்களுக்கு. நீல அம்பு இருந்தால் குதிரையும் சைக்கிளும் வரலாம். வயலின் குறுக்கே போகும் பாதையை விவசாயி உழுதுவிட்டால், பொதுவாக 14 நாட்களுக்குள் அதை நடக்கத் தக்கதாகச் செப்பனிட்டுத் தர வேண்டும். பதிலுக்கு நடப்பவர்களிடம் எதிர்பார்ப்பது அதிகமில்லை. பாதையை விட்டு விலகக் கூடாது, திறந்த கதவைத் திறந்தபடியும் மூடிய கதவை மூடியும் விட்டுப் போக வேண்டும், ஆடுமாடுகள் இருக்கும் இடத்தில் நாயைக் கயிற்றில் பிடித்திருக்க வேண்டும்.

இன்னும் நடக்கத் தெம்பிருந்தால் ஆல்டன்வரை நடந்தே திரும்பலாம். 34 கிலோமீட்டர் நீளமுள்ள ஹேங்கர்ஸ் வே நெடும்பாதை இந்த ஊரைக் கடந்து போகிறது. அந்தப் பாதையை விட்டுச் சற்று விலகி, ஆல்டனுக்குப் பக்கத்தில் சாட்டன் கிராமம் இருக்கிறது. ஜேன் ஆஸ்டின் 1809 முதல் 1817வரை அங்கே வசித்த வீடு இப்போது அருங்காட்சியகம். ஆல்டனிலிருந்து லண்டன் வாட்டர்லூவுக்கு நேரடி ரயில் உண்டு. குளிர்காலத்தில் தாழ்நிலக் களிமண் செருப்பைப் பிடுங்கிக்கொள்ளும் அளவுக்குப் பிசுபிசுக்கும். முழங்கால்வரை வரும் ரப்பர் பூட்ஸ் இல்லாமல் ஓடைப் பக்கம் இறங்காமல் இருப்பது நல்லது. அப்போதைக்குக் குன்றுப் பக்கமே மேல்: சுண்ணம் நீரை உறிஞ்சிக்கொள்வதால் சரிவு சீக்கிரம் காயும், ஆனால் ஈரத்தில் வழுக்கும்.