அண்ணனின் ரெக்கார்டுகளும் என் வருகைப் பதிவேடும்

பதிவு கொஞ்சம் நீளம். வேலை இருப்பவர்கள் முடித்துவிட்டு வந்து படிக்கவும்.

போன வாரம் அண்ணனுக்கு முதல் வருஷத் திதி முடிந்தது. வந்தவர்களில் பாதிப் பேர் முன்னறை அலமாரியைப் பார்த்துவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார்கள். "இந்த ரெக்கார்டை எல்லாம் என்ன செய்யப் போறீங்க?" ஒருத்தர், "ஒரே ஆளு படமா இருக்கே, எல்லாம் ஒண்ணுதானே?" என்றார். அண்ணனின் பெரியவனும் போனில், "அத்தை, ஒரே பாட்டு அஞ்சு தடவை இருக்கு. மொத்தமா யாருக்காவது குடுத்திருங்க" என்றான். அவன் சொன்னது பாதி சரி. மீதிப் பாதிக்குத்தான் இந்தப் பதிவு.

அண்ணன் 1947-இல் பிறந்தவர். என்னைவிடப் பதினோரு வயது மூத்தவர். கப்பலில் எஞ்சின் ரூம் வேலை. நான் ஆசிரியர் பயிற்சி டிப்ளமோ படித்த இரண்டு வருஷமும் ஹாஸ்டல் பீஸ், புத்தகம், தீபாவளிச் சேலை எல்லாம் கப்பல் சம்பளம்தான். மற்றவர்கள் கப்பலில் இருந்து டேப் ரெக்கார்டரும் சென்ட் பாட்டிலும் கொண்டுவருவார்கள். இவர் நியூயார்க்கில் பழைய கடையில் வாங்கிய எல்.பி. இரண்டைச் சட்டைக்கு நடுவில் வைத்துச் சுற்றிக் கொண்டுவந்தார். அப்பா அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுக்கா கடல் தாண்டிப் போனே?" என்றது எனக்கு நினைவிருக்கிறது.

அந்த ஆள் பெயர் தெலோனியஸ் மாங்க். அமெரிக்கக் கறுப்பினத்தவர், ஜாஸ் பியானோ வாசித்தவர். 1917 அக்டோபர் 10-இல் பிறந்தவர். தன் சொந்தப் பெயரில் முதன்முதலாகப் பதிவு செய்தது 1947 அக்டோபர் 15-இல். அதாவது முப்பது வயது முடிந்த ஐந்தாம் நாள். அதற்கு முன் 1944-இல் கோல்மன் ஹாக்கின்ஸ் குழுவில் நாலு பாட்டுக்கு வாசித்ததுதான் ஸ்டூடியோ அனுபவம். அண்ணன் அடிக்கடி சொல்வார்: "நான் பிறந்த வருஷம்தான் அவரும் ரெக்கார்டிலே பிறந்தாரு."

நிஜமாகச் சொல்கிறேன், முதலில் எனக்கு அது பிடிக்கவில்லை. தப்பான கட்டையைத் தொட்டுவிட்டுத் திருத்தாமல் போகிறார் என்றே நினைத்தேன். 'மிஸ்டீரியோசோ' என்று ஒன்று. அதில் மட்டும் காது நின்றது. மாடிப்படி ஏறி இறங்குவது போல ஒரு ஸ்வரம் கீழே, ஒன்று மேலே என்று போகும். சின்ன வயதில் நான் கற்ற தாட்டு வரிசை மாதிரி இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டுதான் மற்றதற்குள் போனேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். ப்ளூ நோட் என்ற கம்பெனிக்காக மாங்க் 1947-இல் இருந்து 1952 வரை ஸ்டூடியோவுக்குப் போனது மொத்தம் ஆறே நாள். 1947-இல் மூன்று நாள், 1948-இல் ஒரு நாள், 1951-இல் ஒரு நாள், 1952-இல் ஒரு நாள். அதில் வந்த உருப்படி 32. அவ்வளவுதான். ஒரு வகுப்புப் பிள்ளைகள் எண்ணிக்கை.

ஆனால் இந்த 32-ஐ எத்தனை விதமாக விற்றிருக்கிறார்கள் தெரியுமா? முதலில் பக்கத்துக்கு மூன்று நிமிஷம் ஓடும் 78 தட்டு. பிறகு 'ஜீனியஸ் ஆஃப் மாடர்ன் மியூசிக்' என்று இரண்டு பத்து அங்குல எல்.பி. 1956-இல் அதே தலைப்பில் இரண்டு பன்னிரண்டு அங்குல எல்.பி. (அண்ணன் கொண்டுவந்தவை இவைதான், எண் 1510, 1511.) பின்னால் 81510 என்று ஒன்று. அது மோனோவில் பதிந்ததை மின்சாரத் தந்திரத்தால் ஸ்டீரியோ போலக் காட்டியது. உள்ளே இருப்பது அதே 1510. 1983-இல் மொசைக் என்ற கம்பெனி எல்லாவற்றையும் நாலு எல்.பி. பெட்டியாகப் போட்டது. 1994-இல் நாலு சி.டி. பெட்டி வந்தது. இடையில் தனித்தனி சி.டி.க்கள். வேறு கம்பெனிக்காரர்களும் சளைத்தவர்கள் இல்லை. ப்ரெஸ்டீஜ் கம்பெனி 'தெலோனியஸ் மாங்க் ட்ரியோ' என்று போட்ட தட்டையே பிறகு 'மாங்க்ஸ் மூட்ஸ்' என்று அட்டை மாற்றிப் போட்டது. அண்ணன் இரண்டையும் வாங்கியிருந்தார். அது மறதியால் இல்லை, அட்டை ஏமாற்றியதால்.

மறதி பிறகுதான் வந்தது. 2014 வாக்கில் மதினி சொன்னாள், "உங்க அண்ணன் காலையில சாப்பிட்டதை மறந்துட்டு மறுபடி இட்லி கேக்காவ." பென்ஷன் பணத்தில் ரெக்கார்டு ஆர்டர் போடுவது மட்டும் மறக்கவில்லை. பக்கத்து வீட்டுப் பையன் போனில் போட்டுக் கொடுப்பான். ஏற்கெனவே இருப்பதே வரும். மதினிக்குக் கண்ணீர் முட்டும். மருந்துச் செலவு ஒரு பக்கம், இது ஒரு பக்கம்.

நான்தான் பொறுப்பெடுத்தேன். ரிட்டயர் ஆகும்போது பள்ளியில் மிஞ்சிய ஒரு பழைய வருகைப் பதிவேடு என்னிடம் இருந்தது. (தலைமையாசிரியர் அனுமதியோடு எடுத்தது, யாரும் கேள்வி கேட்க வேண்டாம்.) பெயர் எழுதும் கட்டத்தில் ரெக்கார்டுகளின் தலைப்பை எழுதினேன். தேதிக் கட்டங்களில் வாங்கிய மாதம். ரொம்ப நேர்த்தியாக இருந்தது. ரொம்பத் தப்பாகவும் இருந்தது.

2016-இல் ஒரு மத்தியானம் கொரியர் வந்தது. சி.டி. 'ஜீனியஸ் ஆஃப் மாடர்ன் மியூசிக், வால்யூம் 1'. என் பதிவேட்டில் முதல் வரியே அதுதான்! எனக்குத் தலைக்கு மேல் கோபம். கொரியர் பையன் கையெழுத்து வாங்க நிற்கிறான். அவன் முன்னாலேயே, "இது உங்ககிட்ட நாப்பது வருஷமா இருக்கு. புத்தி இருக்கா உங்களுக்கு?" என்று கேட்டுவிட்டேன். மூன்றாம் வகுப்புப் பிள்ளையைக்கூட நான் அப்படிக் கேட்டதில்லை என்று என் மாணவர்கள் சொல்வீர்கள். அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை. உறையைக் கூடப் பிரிக்காமல் மேஜையில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

சாயங்காலம் 'டூப்ளிகேட்' என்று சிவப்பு மையில் எழுதப் பதிவேட்டைத் திறந்தேன். ஒரு கடமைக்குப் பாட்டுகளை எண்ணினேன். எல்.பி.யில் 12. சி.டி.யில் 21. கணக்கு இடித்தது. ஒவ்வொன்றாக ஒத்துப் பார்த்தேன். எல்.பி.யின் 12-இல் 9 மட்டும்தான் சி.டி.யில் இருந்தது. 'மிஸ்டீரியோசோ', 'எபிஸ்ட்ரோஃபி', 'ஐ மீன் யூ' மூன்றும் காணோம். அவை 1948-இல் பதிந்தவை. சி.டி. போட்டவர்கள் 1947-ஐ மட்டும் ஒன்றாகச் சேர்த்திருக்கிறார்கள். இன்னும் 5 உருப்படி எங்கள் இரண்டாம் வால்யூம் எல்.பி.யில் இருந்தவை. 9-ம் 5-ம் 14. மீதி 7?

அந்த ஏழும் அதே பாட்டுகளின் மாற்றுப் பதிவுகள். ஒரே நாளில், ஒரே ஸ்டூடியோவில், ஒரு தடவை வாசித்துவிட்டுத் திருப்தி இல்லாமல் மறுபடி வாசித்தது. 'வெல் யூ நீடின்ட்' இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேட்டேன். தொடங்கும் மெட்டு அதேதான். நடுவில் அவர் மனம்போல் வாசிக்கும் இடம் முழுக்க வேறு. ஜாஸில் அந்த நடுப்பகுதிதான் பாட்டு. எனவே அந்த ஏழும் எங்களிடம் இல்லாதவை. என் சிவப்பு மை பேனாவை மூடினேன்.

அண்ணனுக்கு இது தெரிந்து வாங்கினாரா, மறந்துபோய் வாங்கினாரா? இன்றுவரை எனக்குத் தெரியாது. மறுநாள் காலை போய், "அண்ணே, நேத்து நான் பேசினது தப்பு" என்றேன். அவர் என்னைப் பார்த்துச் சிரித்து, "என்ன பேசினே?" என்றார். அவருக்கு நினைவில்லை. மன்னிப்பை யாரிடம் கேட்பது என்று தெரியாமல் காபியை வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அன்றைக்கே பதிவேட்டைத் திருத்தினேன். பள்ளியில் ஒரே பெயரில் மூன்று பிள்ளைகள் இருந்தால் நாம் என்ன செய்வோம்? சேர்க்கை எண்ணைப் பார்ப்போம். வீட்டில் ஒரு பெயர், பள்ளியில் ஒரு பெயர் என்று வரும் பிள்ளைக்கும் எண் ஒன்றுதான். ரெக்கார்டிலும் அப்படி ஒன்று இருக்கிறது. ஸ்டூடியோவில் ஒவ்வொரு பாட்டுக்கும் ஓர் எண் போடுவார்கள், மேட்ரிக்ஸ் எண் என்று பெயர். எத்தனையாவது தடவை வாசித்தது என்பதும் குறித்திருக்கும். அட்டை மாறும், தலைப்பு மாறும், வால்யூம் மாறும். அந்த எண் மாறாது. ப்ளூ நோட் பதிவுகள் முழுவதையும் தேதிவாரியாக மைக்கேல் கஸ்குனா, மிஷேல் ரூப்ளி இருவரும் 1988-இல் புத்தகமாகவே போட்டிருக்கிறார்கள். டிஸ்காக்ஸ் என்ற இணையதளத்திலும் பார்க்கலாம். எனவே புதுப் பதிவேட்டில் தலைப்பை எடுத்துவிட்டேன். ஆறு தேதிக்கு ஆறு பக்கம். ஒவ்வொரு பக்கத்திலும் அன்று வாசித்த பாட்டுகள், எத்தனை தடவை, யார் யார் உடன் வாசித்தது. பிறகுதான் எந்தத் தட்டில் இருக்கிறது என்ற கட்டம். ஏதாவது வாங்கலாம் என்றால் முதலில் காலிக் கட்டத்தைப் பார்ப்பது. காலி இல்லை என்றால் ஆர்டர் இல்லை.

மத்தியானம் இரண்டு மணியில் இருந்து நாலு மணி வரை எங்களுக்கு இதே வேலை. நான் படிப்பேன், அவர் "ஆஜர்" என்பார். அக்டோபர் 24, 1947. பேஸ் ஜீன் ரேமி, டிரம்ஸ் ஆர்ட் ப்ளேக்கி. "ஆஜர், ஆஜர்." சில சமயம் பாட்டின் பெயரை வைத்து எனக்குப் பாடம் எடுப்பார். 'எரோனெல்' என்பது லெனோர் என்ற பெயரைத் திருப்பி எழுதியது. 'எவிடென்ஸ்' என்ற பெயருக்குப் பின்னால் பெரிய கதை. 'ஜஸ்ட் யூ, ஜஸ்ட் மீ' என்ற பழைய பாட்டின் சட்டகத்தில் மாங்க் கட்டியது அது. நீயும் நானும் என்றால் நாம், 'ஜஸ்ட் அஸ்'. அதைச் சேர்த்துச் சொன்னால் 'ஜஸ்டிஸ்', நீதி. நீதி என்றால் சாட்சியம் வேண்டுமே, 'எவிடென்ஸ்'. இதை அண்ணன் எத்தனை தடவை சொன்னார் என்று நான் கணக்கு வைக்கவில்லை. ஒவ்வொரு தடவையும் புதிதாகச் சொல்வது போலச் சொல்வார், நானும் புதிதாகக் கேட்பேன்.

வேடிக்கை என்னவென்றால், அந்த 'எவிடென்ஸ்' எங்களிடம் இல்லை. இரண்டாம் வால்யூம் சி.டி.யும் வாங்கிய பிறகு 32-இல் 29 சேர்ந்துவிட்டது. மூன்று கட்டம் காலி. மூன்றும் 1948 ஜூலை 2-ஆம் தேதிப் பக்கத்தில். 'எவிடென்ஸ்', கென்னி ஹேகுட் என்பவர் பாடிய இரண்டு பாட்டு. மாங்க் பெயரில் எவ்வளவு தேடினாலும் தனியாகக் கிடைக்கவில்லை. எல்லாம் அடங்கிய பெட்டி வாங்கலாம், ஆனால் மூன்று பாட்டுக்காக 29-ஐ மறுபடி விலை கொடுத்து வாங்க எனக்கு மனம் வரவில்லை. கடைசியில் தேதியை வைத்துத் தேடினேன். அன்றைக்கு உடன் வாசித்தவர் மில்ட் ஜாக்சன், வைப்ரபோன்காரர். அந்த நாள் பதிவுகள் முழுக்க அவர் பெயரில் உள்ள 'விஸார்ட் ஆஃப் த வைப்ஸ்' சி.டி.யில் இருக்கின்றன. பிள்ளையை அப்பா வீட்டில் தேடிக்கொண்டிருந்தோம், அது மாமா வீட்டில் விளையாடிக்கொண்டிருந்திருக்கிறது!

அது வந்து சேர்ந்தபோது அண்ணனுக்கு ரொம்ப முடியாமல் போயிருந்தது. மதினியைச் சில நாள் "யாரு?" என்று கேட்பார். என்னை டீச்சர் என்று கூப்பிடுவார், தங்கை என்று தெரியாது. நான் ஒன்றும் சொல்லாமல் 'எவிடென்ஸ்' போட்டேன். கட்டிலில் சாய்ந்திருந்தவர் விரலால் போர்வையில் தட்டினார். பாட்டு முடிந்தது. "ஏட்டி, இது நம்மகிட்ட இல்லாததுல்லா?" என்றார்.

ஏட்டி என்று என்னைக் கூப்பிட்டு அப்போது ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. பதிவேட்டில் நானே டிக் போட்டேன். கட்டம் தாண்டிக் கோணலாக விழுந்திருக்கிறது.

பெரியவனுக்கு என் பதில் இதுதான். கணக்கெடுத்துவிட்டேன். நிஜமான டூப்ளிகேட் ஐந்துதான்: 81510 எல்.பி. ஒன்று, 'மாங்க்ஸ் மூட்ஸ்' எல்.பி. ஒன்று, முதல் வால்யூம் சி.டி. இரண்டு, இரண்டாம் வால்யூம் சி.டி. ஒன்று. (ஆமாம், முதல் வால்யூம் சி.டி. பின்னால் இன்னும் இரண்டு தடவை வந்தது. அப்போது நான் வாயைத் திறக்கவில்லை.) இந்த ஐந்தையும் கொடுத்துவிடலாம். மற்றவை ஒன்றாகவே இருக்கட்டும், மதினியும் அதையே சொல்கிறாள். கொரியர் சீட்டு ஒட்டிய சி.டி. மட்டும் என் வீட்டுக்கு வரும்.

என் மாணவர்களில் ரெக்கார்டு பிளேயர் வைத்திருப்பவர்கள், நிஜமாகவே கேட்பவர்கள் யாராவது இருந்தால் கீழே எழுதுங்கள். விலை வேண்டாம். எல்.பி. இரண்டையும் கொரியரில் அனுப்பப் பயமாக இருக்கிறது, நேரில் வந்து வாங்கிக்கொள்ளவும். ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு மேல் வீட்டில்தான் இருப்பேன்.