துண்டுக்குள் மறைந்த விலை

தமிழ்நாட்டு மாட்டுச் சந்தைகளில் ஒரு பழக்கம் உண்டு. தரகர் இருவர் கைகளைத் துண்டால் மூடிக்கொண்டு, விரல்களைப் பற்றியே விலை பேசுவர். சூழ நிற்போர்க்கு விலை தெரியாது. துண்டுக்குள் இருக்கும் இரு கைகளுக்கும் அது ஐயமறத் தெரியும். அந்தச் சந்தைகளை விட்டுக் கங்காணிகள் வழியாகக் கடல் கடந்து, கோலசிலாங்கூர், பத்தாங் பெர்ஜுந்தை வட்டாரத் தோட்டங்களில் குடியேறியவர்களின் பேரப்பிள்ளைகள் கார் வாங்கப் புறப்பட்ட காலத்தில், துண்டு வேறு வடிவில் அவர்கள்முன் விரிக்கப்பட்டது.

பேரம் பேசும் கலை தோட்டத்து மக்கள் அறியாததன்று. சந்தைக்கு மீன் வாங்கப் போகும் தோட்டத்துப் பெண் விலையைக் கேட்டு, உதட்டைப் பிதுக்கி, நாலடி நடப்பாள். ஐந்தாவது அடிக்குமுன் பின்னாலிருந்து அழைப்பு வரும். ஆனால் அவளே மறுநாள் காலையில் வெட்டிய பாலைச் சுமந்துகொண்டு நிறுவைக்கு வந்து நிற்கும்போது வாய் திறப்பதில்லை. அங்கே தராசு காட்டியதும் கிராணி எழுதியதுமே கணக்கு. 1954இல் தோன்றிய தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் முதலாளிமார் சங்கத்தோடு அமர்ந்து கூலிக்குப் பேரம் பேசியது உண்மையே. எனினும் அந்த மேசையில் பால்வெட்டுத் தொழிலாளிக்கு நாற்காலி இல்லை. மீனுக்குப் பேசத் தெரிந்தவர்கள் தம் வியர்வைக்குப் பேசிப் பழகவில்லை.

பழைய மோரிஸ் மைனரும் டட்சனும் கைமாறிய நாள்களில், காருக்கு ஒரு விலை என்பதைவிட ஆளுக்கு ஒரு விலை என்பதே பொருந்தும். வந்தவரின் காலணி, பேசும் மொழி, உடன் வந்த ஆள் ஆகியவற்றைப் பார்த்தே விலை ஏறும், இறங்கும். அதனால்தான் தோட்டத்திலிருந்து போகிறவர் மலாயும் ஆங்கிலமும் தெரிந்த ஒருவரைத் துணைக்கு அழைத்துச் சென்றார். 1985 ஜூலை 9இல் புரோட்டோன் சாகா வெளிவந்தபோது விலைப்பட்டியலும் உடன் வந்தது. துரைக்கும் தொழிலாளிக்கும் பட்டியலில் ஒரே எண். பேரம் அடியோடு ஒழிந்துவிடவில்லை. கால்விரிப்பு, கண்ணாடிக்கு ஒட்டும் கறுப்புத் தாள் என்று சில்லறைப் பொருள்களுக்குள் ஒதுங்கிக்கொண்டது. இருப்பினும், பேசத் தெரியாதவன் கூடுதலாகக் கொடுக்க வேண்டியதில்லை என்ற நிலை சிறிதன்று. அமெரிக்காவில் 1990இல் விற்பனைக்கு வந்த சாட்டர்ன் கார், பேரமில்லா விலையையே தன் பெருமையாகச் சொல்லிக்கொண்டது.

ஆயினும் ஒரே விலை என்பது ரொக்கமாக வாங்குபவருக்குத்தான் ஒரே விலை. தோட்டத்தில் ரொக்கம் ஏது?

1990களில் பத்தாங் பெர்ஜுந்தைக்கு அருகே ஒரு தோட்டம் மேம்பாட்டுக்காக விற்கப்பட்டது. அங்கே வேலை இழந்த ஒருவருக்கு ரவாங் பக்கம் தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. இரவு வேலை முடியும் நேரத்துக்குப் பேருந்து இல்லை. கார் அவருக்கு ஆடம்பரமன்று. வேலையின் ஓர் உறுப்பு. பழைய கார் ஒன்றுக்கு 11,500 வெள்ளி கேட்டார்கள். மனைவியிடம் கற்ற வித்தை கைகொடுத்தது. இருமுறை வாசல்வரை நடந்து, 500 வெள்ளி குறைத்தார். இழப்பீட்டுப் பணத்திலிருந்து 1,500 வெள்ளி முன்பணம் கட்டினார். மீதம் 9,500. அதன்பின் கடைக்காரர், "மாதம் எவ்வளவு கட்ட முடியும்?" என்று மட்டுமே கேட்டார். ஏழு ஆண்டு, மாதம் 176 வெள்ளி சொச்சம் என்று முடிந்தது.

படிவம் மூன்றில் படித்த மகள் அன்றிரவு கணக்கேட்டின் பின்பக்கத்தில் போட்டுப் பார்த்தாள். ஆண்டுக்கு 8 விழுக்காடு வட்டி, ஏழு ஆண்டுக்கு 5,320 வெள்ளி. கடனோடு சேர்த்து 14,820. பேரமே பேசாமல் 10,000 வெள்ளிக் கடனை ஐந்தாண்டில் கட்டியிருந்தால் 14,000. கடன் மாதந்தோறும் குறைந்துவந்தாலும் வட்டி முதல்நாள் தொகைக்கே கணக்கிடப்பட்டதால், அந்த ஐந்தாண்டுக் கடனின் 8 விழுக்காடு உண்மையில் 14 விழுக்காட்டை ஒட்டியது என்பது அவள் பாடத்தில் இன்னும் வரவில்லை.

"அப்போ அந்த ஐந்நூறு எங்கேடி போச்சு?" என்றாள் தாய். தந்தை பேசவில்லை.

அவரைக் குறை சொல்வதற்கில்லை. ஐந்தாண்டுத் தவணையான மாதம் 233 வெள்ளியை அவர் சம்பளம் தாங்கியிராது. 1967ஆம் ஆண்டின் வாடகைக் கொள்முதல் சட்டம் ரொக்க விலை, முன்பணம், வட்டி அனைத்தையும் எழுதிக் காட்ட வேண்டுமென்று சொல்கிறது, எழுதியும் காட்டினார்கள். தாள் ஆங்கிலத்தில் இருந்தது. சந்தைத் துண்டு பிறர் கண்ணை மறைத்தது. இந்தத் தாளோ உள்ளே நீட்டிய இரு கைகளில் ஒன்றுக்கு மட்டும் விலையை மறைத்துவிட்டது. தொடர்ந்து இரண்டு தவணை தவறினால் அறிவிப்பு அனுப்பிக் காரை எடுத்துச் செல்லலாம் என்பதும் அத்தாளின் ஒரு வரி. கார் போனால் வேலை போகும். வேலை போனால் தவணை போகும். ஏழு ஆண்டும் அந்த வீட்டில் மாதத்தின் முதல் செலவு காருக்குத்தான்.

கடைசித் தவணை முடிந்தபோது கார் தேய்ந்திருந்தது. அடுத்த கார் வாங்கப் போகையில் மகளும் உடன் சென்று தந்தையின் அருகில் அமர்ந்தாள். விற்பனையாளர் நிறத்தைப் பற்றிப் பேசத் தொடங்கினார்.

"கடைசித் தவணைவரை எல்லாம் சேர்த்து எவ்வளவு?" என்று அவள் கேட்டாள்.

அவர் கணக்குப் பொறியைத் தேடி மேசை இழுப்பறையைத் திறந்தார்.