இறுக்கமும் இளக்கமும்

வேட்டியும் சேலையும் காற்றுக்கு இடம் தருபவை. நம் வெப்ப நாட்டுக்குத் தளர்வே அழகு. ஆனால், தளர்ந்திருந்தால் பயனே இல்லாத உடை ஒன்றும் உலகில் உண்டு. குளிர்கடலில் மூழ்குவோர் அணியும் 'வெட்சூட்' என்னும் ரப்பர் உடையே அது.

நீர், காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு விரைவாக உடலின் வெப்பத்தைக் கவர்ந்து செல்லும். ஆகவே, நனையாமல் இருந்தால்தான் குளிரிலிருந்து தப்பலாம் என்று எவரும் எண்ணுவது இயல்பு. 1951-ஆம் ஆண்டில், கலிபோர்னியாவின் பெர்க்லி நகரில் பணியாற்றிய இயற்பியலாளர் ஹியூ பிராட்னர் வேறு விதமாகச் சிந்தித்தார். நனைந்தால் என்ன? உடையின் தடிப்பிலேயே நுண்ணிய வாயுக் குமிழ்கள் அடைபட்டிருந்தால், அவையே குளிரைத் தடுக்குமல்லவா? நியோபிரீன் என்னும் செயற்கை ரப்பரின் நுரை வடிவம் இதற்கு ஏற்றது என்று வில்லார்ட் பாஸ்கம் என்ற கடற்பொறியாளர் கூறினார். இவ்வுடை இவ்வாறு பிறந்தது.

இதை அணிந்தவரின் தோலுக்கும் ரப்பருக்கும் இடையே மெல்லிய ஏடாக நீர் தங்கி, உடற்சூட்டால் வெதுவெதுப்பாகிறது. உடை தளர்ந்திருந்தாலோ, ஒவ்வோர் அசைவிலும் அந்நீர் வெளியேறிப் புதிய குளிர்நீர் உட்புகும். ஆகவே, இங்கே இறுக்கம் குறையன்று, அதுவே காப்பு.

அந்த இறுக்கத்துக்குள் உடலைச் செலுத்துவது எங்ஙனம்? தொடக்க காலத்து உடைகளில் உட்புறத் துணி கிடையாது. வெறும் ரப்பர் தோலோடு ஒட்டிக்கொள்ளும். டால்கம் பவுடரைத் தூவிக்கொண்டு, பாடுபட்டு அணிந்தார்கள். பின்னர் நைலான் துணியை உள்ளே ஒட்டும் முறை வந்ததால் துன்பம் குறைந்தது. ஆனால் முற்றிலும் தீரவில்லை. இதை நான் 2018-ஆம் ஆண்டு வசந்த காலத்தில் மாண்டரே விரிகுடாவின் கரையில் நேரில் கண்டேன்.

பணியின் பொருட்டுக் கலிபோர்னியாவில் குடியேறிய என் மகன், விடுமுறை நாள்களில் முக்குளிக்கப் பழகியிருந்தான். நான் தூத்துக்குடிக்காரன். என் தாய்வழிப் பாட்டனார் சங்கு குளித்தவர். எங்கள் வீட்டில் கடலைப் பற்றிய பெருமையும் அச்சமும் ஒரே கூரையின்கீழ்க் குடியிருந்தன. படித்துப் பட்டம் பெற்ற பேரன் மீண்டும் கடலுக்கே போவான் என்று யார் நினைத்தார்கள்? நம் கடலின் வெதுவெதுப்பில் பாட்டனாருக்கு இத்தகைய உடை தேவைப்பட்டதில்லை. மாண்டரேயின் நீரோ 11, 12 பாகை செல்சியஸ்தான்.

அவன் உடை 7 மி.மீ. தடிப்புள்ளது. முதலில் காலில் ஒரு பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொண்டு, அதன்மேல் உடையின் காற்குழலை ஏற்றினான். கால் வழுக்கி உள்ளே சென்றது. கைகளை நுழைக்கும்போது நான் உதவ முற்பட்டு, பலங்கொண்டு இழுத்தேன்.

"அப்பா, இழுக்காதீங்க. நகம் பட்டா ரப்பர் கிழிஞ்சிடும்" என்றவன், சிறு குப்பி ஒன்றை நீட்டினான். முடிக்குத் தடவும் கண்டிஷனரை நீரில் கரைத்து வைத்திருந்தான்.

"தேங்காய் எண்ணெய் ஊரிலிருந்து கொண்டு வந்திருக்கிறேனே, அது ஆகாதா?"

"எண்ணெய், வாசலின் எதுவுமே கூடாதுப்பா. கழுவினாலும் லேசில போகாது, உடையும் கெட்டுப்போகும். தண்ணில கரையறதாத்தான் இருக்கணும்."

மணிக்கட்டிலும் முழங்கையிலும் சிறிது ஊற்றினேன். சற்றுமுன் எதிர்த்து நின்ற அதே ரப்பர், இப்போது மெல்ல வழிவிட்டது. உடையின் அளவு மாறவில்லை. கையின் அளவும் மாறவில்லை. இடையே உராய்வு மட்டும் தணிந்தது. இது வெறும் வசதிக்காக அன்று. உடையோடு போராடி, வியர்த்து, மூச்சிரைத்த நிலையில் ஒருவர் கடலில் இறங்குவது ஆபத்தானது.

அவன் இன்னொன்றும் சொன்னான். கழுத்துப்பகுதி அளவுக்கு மீறி இறுகினால், அங்குள்ள இரத்தக்குழாய் அழுந்தி மயக்கம் வரக்கூடும். அத்தகைய உடையை எந்த வழவழப்பைத் தடவியும் அணியக் கூடாது. மசகு, பொருந்துகின்ற உடையை ஏற்க உதவும். பொருந்தாததைப் பொருந்தச் செய்யாது.

முதுகுப்புறத்து ஜிப்பை மூடும் பணி எனக்கு வாய்த்தது. அதில் நீண்ட நாடா ஒன்று தொங்கும். மன்னார் வளைகுடாவில் முத்துக் குளித்த காலத்தில், மூழ்குபவரின் கயிற்றை மேலே பிடித்திருக்கும் பொறுப்பை மைத்துனனிடமே ஒப்படைப்பர் என்று கேட்டு வளர்ந்தவன் நான். தன் உடன்பிறந்தாள் கைம்பெண்ணாகிவிடக் கூடாது என்று அவன் கண்ணிமைக்காமல் காப்பானாம். என் கையில் இருந்ததோ இந்த நாடா மட்டுமே. ஜிப் மூடியதும் அதையும் விட்டுவிட வேண்டும்.

"போகாதே" என்ற சொல் தொண்டைவரை வந்து நின்றது. "பார்த்துப் போயிட்டு வாப்பா" என்றேன். அவன் திரும்பிப் பார்த்துச் சிரித்துவிட்டு, தோழனுடன் நீரில் இறங்கினான். அலைத்தடுப்புப் பாறைகளில் கடற்சிங்கங்கள் குரைத்துக்கொண்டிருந்தன. நீர்மேல் எழுந்த குமிழ்களை எண்ணியபடி முக்கால் மணிநேரம் நின்றிருந்தேன்.

அன்று முதல் சிலவற்றை எண்ணிப் பார்க்கிறேன். குடும்பம் என்பதும் இறுக்கமான உடைதான். அதன் கட்டுப்பாடுகளைத் தளர்த்திவிட்டால், உள்ளிருக்கும் வெதுவெதுப்பும் வடிந்துபோகும். ஆனால், அவற்றைப் பிள்ளைகள்மேல் வலிந்து இழுத்து மாட்டினால், கிழிவது உறுதி. கழுத்தை நெரிக்கும் கட்டுப்பாடு எதுவென்று அறிந்து, அதைக் கழற்றி வைக்கவும் வேண்டும். எஞ்சியவற்றை அணிந்துகொள்ளச் செய்வது நம் பலமன்று. சமயமறிந்து ஊற்றும் ஓர் இளக்கமான சொல். அதற்குப் பெரிய குப்பியும் வேண்டியதில்லை. உள்ளங்கையளவு போதும்.