ஒரு கல்லீரலும் ஒரு ஹாக்கி அணியும்

1/ இன்றைய பதிவில் பாதி மருத்துவம், பாதி ஐஸ் ஹாக்கி. பனித்தரையில் ஸ்கேட்டிங் ஷூ போட்டு ஆடுவார்களே, அது. கனடாவின் ஒட்டாவாவில் பயிற்சியில் இருந்தபோது எனக்குத் தொற்றிய வியாதி. ஊர் திரும்பி வருஷங்கள் ஆகியும் குணமாகவில்லை. கொஞ்சம் நீளம்தான், பொறுமையாகப் படியுங்கள்.

2/ அணியின் பெயர் ஒட்டாவா செனட்டர்ஸ். 2003 ஜனவரியில் திவால். வீரர்களுக்குச் சம்பளம் போடவே தடுமாற்றம். வேடிக்கை என்னன்னா, அந்த சீசனில் லீக்கிலேயே அதிகப் புள்ளிகள் எடுத்த அணி அதுதான்!

3/ அப்போது வந்து வாங்கியவர் யூஜின் மெல்னிக். பயோவெயில் என்ற மருந்துக் கம்பெனியின் நிறுவனர். அணிக்கு மட்டும் சுமார் 9.2 கோடி அமெரிக்க டாலர் கொடுத்தார். ஊரே கொண்டாடியது. 2007இல் அணி ஸ்டான்லி கோப்பை இறுதிப் போட்டி வரை போனது. திவாலான அணியைக் கைதூக்கிவிட்டவர் அவர்தான். அந்த நன்றியை மறைக்கக் கூடாது.

4/ ஆனால் அவரைச் சுற்றி சர்ச்சையும் குறைவில்லை. 2003இல் காலாண்டு வருமானம் குறைந்ததற்கு, மருந்து ஏற்றிச் சென்ற லாரி விபத்தில் சிக்கியதைக் காரணம் காட்டியது அவர் கம்பெனி. அமெரிக்கப் பங்குச்சந்தை ஆணையம் வழக்குப் போட்டது. 2008இல் 1 கோடி டாலர் கட்டி கம்பெனி சமரசம் செய்துகொண்டது.

5/ இப்போ மருத்துவத்துக்கு வருவோம். 2015 மே. மெல்னிக்குக்குக் கல்லீரல் செயலிழந்து, உயிர் ஊசலாடுது. யாராவது கல்லீரல் தானம் கொடுங்கள் என்று பகிரங்கமாகக் கேட்கிறார்கள். 500 பேருக்கு மேல் முன்வந்தார்கள். அதில் முன்பின் தெரியாத ஒருவரின் கல்லீரல் பகுதியை எடுத்து, டொராண்டோவில் அவருக்குப் பொருத்தினார்கள்.

6/ கல்லீரல் மீண்டும் வளரும், உண்மைதான். ஆனால் அது நகம் வெட்டுவது மாதிரி இல்லை. நல்லா இருக்கிற ஒருவரின் வயிற்றைக் கிழித்து, பெரும்பாலும் பாதிக்கும் மேல் எடுக்கிறோம். உயிர் போகும் அபாயம் குறைவு, பூஜ்யம் அல்ல.

7/ நம்ம நாட்டில் பொதுவாக நெருங்கிய உறவினர்தான் கொடுக்கலாம். மற்றவர் என்றால் அரசுக் குழுவின் அனுமதி வேண்டும். உறவினரிடம் ‘யார் கொடுக்கிறீங்க?’ என்று கேட்ட அறைகளில் நான் இருந்திருக்கிறேன். கூடப்பிறந்த அண்ணன் தரையைப் பார்ப்பார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனசு வந்ததில்லை. அவ்வளவு பெரிய விஷயம் அது.

8/ அந்த ஒட்டாவா கொடையாளர் பெயரை வெளியிட விரும்பவில்லை. மெல்னிக் குடும்பத்தோடு நலமாக இருக்க வேண்டும், அணி ஸ்டான்லி கோப்பையை வெல்ல வேண்டும், அவ்வளவுதான் அவர் ஆசை.

9/ 2017 மே மாதம் அது கிட்டத்தட்ட நடந்தேவிட்டது. அரையிறுதித் தொடரின் ஏழாவது போட்டி, இரண்டாவது கூடுதல் நேரத்தில் பிட்ஸ்பர்க்கிடம் தோல்வி. இங்கே நமக்குக் காலை நேரம். அன்று நான் ஓபிக்கு லேட். நோயாளிகளிடம் காரணம் சொல்லவில்லை, இப்போ சொல்லிட்டேன்.

10/ அடுத்த சீசனில் அரங்கத்தின் மேல்தளத்தில் சுமார் 1,500 இருக்கைகளைத் துணி போட்டு மூடினார்கள். டிசம்பரில் லீக்கின் நூற்றாண்டு விழாவுக்காகத் திறந்தவெளிப் போட்டி. அதற்கு முந்தின நாள், கூட்டம் வராவிட்டால் அணியை வேறு ஊருக்குக் கொண்டுபோக யோசிப்பேன் என்ற பொருளில் மெல்னிக் பேசினார். கல்யாணத்துக்கு முந்தின நாள் ராத்திரி மாப்பிள்ளை முறைக்கிற மாதிரி!

11/ 2018இல் ரசிகர்கள் கைக்காசு போட்டு, ‘மெல்னிக் வெளியேறு’ என்று ஊர் முழுக்க விளம்பரப் பலகை வைத்தார்கள். அந்த செப்டம்பரில் கேப்டன் எரிக் கார்ல்சனை விட்டார்கள். 2019 பிப்ரவரியில் மார்க் ஸ்டோனை விட்டார்கள். நகர மையத்தில் புது அரங்கம் கட்டும் திட்டம், கூட்டாளிகள் ஒருவர்மேல் ஒருவர் வழக்குப் போட்டதில் நின்றுபோனது.

12/ டாக்டர் பிடிக்கலைன்னா மாத்திக்கலாம். அணியை மாத்த முடியாது. முதலாளிக்கு அது சொத்து, ரசிகனுக்கு அது சொந்த ஊர். வருஷக் கணக்கில் நஷ்டம் காட்டினாலும் நிலத்தின் விலை ஏறிக்கிட்டே இருக்கிற மாதிரி, அணியின் விலையும் ஏறும். ரசிகன் வாங்கிய டிக்கெட்டுக்கு அப்படி விலை ஏறாது. கோபம் அங்கேதான்.

13/ இனி என் குற்றம். அந்தச் சமயம் எங்கள் ரசிகர் குழுவில் ஒருத்தர், ‘கொடுத்த கல்லீரலைத் திருப்பிக் கேட்கலாமா’ என்று ஜோக் அடித்தார். நானும் சிரித்தேன். ஒரு டாக்டர். அன்று சாயங்காலமே ஒரு மகள், அப்பாவுக்காகக் கையெழுத்துப் போட என் முன்னால் உட்கார்ந்தார். பேனாவைக் கொடுக்க எனக்குக் கை கூசியது.

14/ 2022 மார்ச் 28. மெல்னிக் காலமானார், வயது 62. செய்தியைப் பார்த்ததும் முதலில் வந்தது துக்கம் இல்லை. ‘இனி அணி பிழைக்கும்’ என்ற நினைப்புதான். அந்த நினைப்பு வந்ததற்கு இன்றைக்கும் வெட்கப்படுகிறேன்.

15/ 2023இல் சுமார் 95 கோடி டாலர் மதிப்பில் அணி கைமாறியது, மைக்கேல் ஆண்ட்லாவரிடம். வாங்கிய விலையைவிடப் பத்து மடங்கு. அதே கோடையில் ஸ்டோன், வேகாஸ் அணியின் கேப்டனாக ஸ்டான்லி கோப்பையைத் தூக்கினார். நான் டிவியை அணைத்தேன்.

16/ அந்தக் கொடையாளரை அடிக்கடி நினைத்துக்கொள்வேன். விளம்பரப் பலகையைக் கடந்து போயிருப்பாரா? வருந்தியிருப்பாரா? அவர் கொடுத்தது ஒரு மனிதனுக்கு ஏழு வருஷ ஆயுள். நல்ல நிர்வாகத்துக்கான முன்பணம் இல்லை. முதலாளியின் கணக்கைக் கேளுங்கள், பலகை வையுங்கள், டிக்கெட் வாங்காதீர்கள். எல்லாம் உங்கள் உரிமை. அவர் உடம்பை மட்டும் விட்டுவிடுங்கள். இதை எனக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

நாளைக்குப் போட்டி இருக்கு. அலாரம் காலை 5 மணிக்கு.